தென்னை நிழலுக்கு நாட்டுக் கரிசாலையே நல்லது

சிறு விவசாயிகளின் தென்னந்தோப்புகளில் மரங்களுக்கு இடையிலுள்ள நிலம் பெரும்பாலும் வீணே கிடக்கிறது. 25 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 70 மரங்கள் உள்ள தோப்பில் மரங்கள் வளர வளர நிழல் கூடி, நிலக்கடலையும் எள்ளும் பலன் தருவதில்லை. சிதறிய வெயிலும் ஈரமும் உள்ள இத்தகைய இடத்தில் வளரும் நம் நாட்டுச் செடி மஞ்சள் கரிசலாங்கண்ணி. இது சாமந்தி, சூரியகாந்தி குடும்பத்தைச் சேர்ந்தது. கீரையாகவும், சித்த மருந்திலும், கூந்தல் தைலத்திலும் பயன்படுகிறது.

ஆனால், இதன் பெயரால் வேறொரு செடி தோட்டங்களில் புகுந்து வருகிறது. அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட, வெப்பமண்டல அமெரிக்காவைச் சேர்ந்த சிங்கப்பூர் டெய்சி என்பதே அது. உலகின் மிக மோசமான 100 அயல் ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில், 2000-ஆம் ஆண்டிலேயே இடம்பெற்றது.

இனம் காண்பது எப்படி?

இரண்டின் பூவும் மஞ்சள்தான். இலையைப் பார்க்க வேண்டும். நாட்டுச் செடியின் இலை ஒடுங்கி நீண்டு, சொரசொரப்பாக இருக்கும். அயல் செடியின் இலை அகன்று, பளபளப்பாக, பெரும்பாலும் மூன்று மடலாகப் பிரிந்திருக்கும்.

களையை அடக்க அயல் செடியே மேல் என்பார் சிலர். களையை அடக்கும் என்பது உண்மையே. பின்னர் அதுவே களையாகிவிடும். கணுவுக்குக் கணு வேர் விடுவதால், வாய்க்காலில் விழுந்த ஒரு துண்டும் அடுத்தவர் வயலில் முளைத்துவிடும். தோப்பில் ஏற்கெனவே இருந்தால், உழுது துண்டாக்காமல் வேரோடு தோண்டி, வெயிலில் நன்கு காயவிட வேண்டும்.

நடவு முறை

நாட்டுச் செடியின் வேர் பிடித்த தண்டுகளை அரை அடி நீளத்துக்கு வெட்டி, மழைக்காலத் தொடக்கத்தில் ஓர் அடி இடைவெளியில் நடலாம். மரத்தைச் சுற்றி 6 அடி ஆரமுள்ள வட்டப்பாத்தியைத் தவிர்க்க வேண்டும். தொழு உரம் இட்டு, நீர் தேங்காமல் ஈரம் காப்பது அவசியம். அடர்ந்த நிழலில் தண்டு நீண்டு இலை குறையும்.

முதலில் ஒரு சென்டு பயிரிட்டு வீட்டுக் கீரைக்குப் பயன்படுத்தலாம். வாங்குவோரை உறுதி செய்த பின்னரே பரப்பைக் கூட்டுவது நலம். இலவசமாகக் கிடைக்கிறதே என்று இலையைப் பாராமல் வாங்கி நடுவோர், பின்னர் அதைத் தோண்டி எடுக்கக் கூலி கொடுக்க நேரும்.