பீடியை அணைக்கிறது யார் வேலை?

சேரிக்காரன் என்றாலே பீடி, சாராயம் என்று ஊர்த்தெருவில் பேசுவது புதிதில்லை. அந்தப் பேச்சுக்குக் கூசியே நம் இயக்கங்கள் பீடியைப் பற்றி வாய் திறப்பதில்லை. திறந்தால் அவன் சொன்னதையே நாமும் சொன்னதாகிவிடுமோ என்று ஒரு தயக்கம். தோழர்களே, அந்தத் தயக்கத்துக்கு நாம் கொடுக்கிற விலை உயிர்.

2003-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. சென்னையிலும் விழுப்புரம் மாவட்டக் கிராமங்களிலும் செத்துப்போன 43,000 ஆண்களின் கணக்கை வேந்தன் கஜலட்சுமியும் அவரோடு சேர்ந்தவர்களும் எடுத்தார்கள். புகைக்காதவனைவிடப் புகைக்கிறவன் காசநோயால் சாவது நான்கு மடங்குக்கும் மேல். இந்தியாவில் காசநோயால் சாகிற ஆண்களில் பாதிப்பேரின் சாவுக்குப் புகை ஒரு காரணம். பீடியோ சிகரெட்டோ பிடிக்கிறவர்களில் நாலில் ஒருத்தரைப் புகையிலை 70 வயதுக்குள் கொன்றுவிடுகிறது. அப்படிப் போகிறவர் இழப்பது சுமார் 20 வருஷம். அமெரிக்காக்காரன் கணக்கு என்று இதைத் தள்ள முடியாது. பக்கத்துத் தென்னாற்காட்டு சனங்களின் கணக்கு.

காசநோய் யாருக்கு வரும்? காற்று வராத ஒற்றை அறையில் ஏழு பேர் படுக்கிற வீட்டுக்கு வரும், அரைவயிறு சாப்பிடுகிற உடம்புக்கு வரும். அந்த உடம்பின் நெஞ்சில்தான் பீடியும் போய் உட்காருகிறது.

கலவை என்றால் மடத்துக்காரர்களுக்கு 1907 ஞாபகம் வரும். காஞ்சி சந்திரசேகரேந்திரர் அங்கேதான் பட்டத்துக்கு வந்தார். எனக்கு ஞாபகம் வருவது விடியற்காலை இருட்டில் ராணிப்பேட்டை, மேல்விஷாரம் பக்கம் போகிற வண்டிக்கு நிற்கிற ஆட்களும், அவர்கள் கையில் மினுக்குகிற பீடி நெருப்பும்தான். இந்த ஆட்களைக் கேட்டுப் பாருங்கள், ஏன் பிடிக்கிறீங்கன்னு. ‘பச்சைத் தோல் நாத்தத்துக்கு இது இல்லேன்னா சோறு எறங்காது’ என்பார்கள். இன்னொருத்தர் சொன்னது என்னை அதிகம் யோசிக்க வைத்தது: ‘பீடி புடிக்கப் போறேன்னாதான் பத்து நிமிசம் வெளியே வுடுவான். சும்மா நின்னா மேஸ்திரி கத்துவான்.’ ஆக, தோல் ஷாப்பில் மூச்சு வாங்கிக்கொள்ளும் உரிமையைப் பீடி கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. புகைக்காத பெண்ணுக்கு அந்தப் பத்து நிமிசமும் கிடையாது.

இன்னொன்றும் உண்டு. நம் தாத்தன்மார் ஆண்டையைக் கண்டால் பீடியைக் கீழே போட்டு மிதித்தவர்கள். காதில் செருகின பீடியைக்கூட எடுத்து மறைத்தவர்கள். அவன் எதிரில் கால்மேல் கால் போட்டு நம் பையன் ஒன்றைப் பற்றவைத்தபோது அது வெறும் புகை இல்லை, ஒரு பதில். அதனால்தான் ‘கெட்ட பழக்கம், விட்டுடு தம்பி’ என்று எவனாவது உபதேசம் பண்ண வந்தால் பையனுக்குக் கோபம் வருகிறது. அந்தக் கோபம் சரி. பதில் மட்டும் அவன் நெஞ்சையே அரிக்கிறது.

ஒரு மருத்துவமனையில் எங்கள் தெருப் பெரியவரோடு நான் போய் நின்றபோது, மருத்துவர் படத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, ‘நீங்கள்லாம் சொன்னா கேக்கவா போறீங்க’ என்றார். ‘நீங்கள்லாம்’ என்பதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும், பெரியவருக்கும் தெரியும். எப்படி விடுவது என்று மட்டும் கடைசிவரை அவர் சொல்லவில்லை. வெளியே வந்ததும் பெரியவர் ஒரு பீடி பற்றவைத்தார். நான் தடுக்கவில்லை.

எப்படி விடுவது என்பதற்கு விடை இருக்கிறது. தமிழ்நாட்டுக் கிராமங்களிலேயே பார்த்தார்கள்; 2012-ல் வெளிவந்தது. புகையிலைப் பழக்கமுள்ள ஆண்களைக் கிராமம் கிராமமாகக் குழுவாக உட்காரவைத்து இரண்டே தடவை பேசி, கையில் ஒரு சின்னப் புத்தகம் கொடுத்தார்கள். இரண்டு மாதம் கழித்து நூற்றுக்கு 12 பேருக்கு மேல் விட்டிருந்தார்கள்; அப்படிப் பேசாத கிராமங்களில் 6 பேர். சின்னத் தொகைதான், ஆனால் இரட்டிப்பு. பாகிஸ்தானில் இன்னும் பெரிதாக நடந்தது. இருமலோடு காசநோய் சந்தேகத்தில் சுகாதார நிலையத்துக்கு வந்த புகைக்கிறவர்களுக்கு, ஒரு நாள் குறித்து விடச்சொல்லி இரண்டு தடவை ஆதரவாகப் பேசினார்கள். ஆறு மாதம் தொடர்ந்து தொடாமல் இருந்தவர்கள் நூற்றுக்கு 41. வழக்கமான வைத்தியம் மட்டும் பெற்றவர்களில் 8, 9 பேர்தான். 2013-ல் வெளிவந்த முடிவு இது. உடம்பு ஒரு அதட்டல் அதட்டியிருக்கும் நேரத்தில், திட்டாமல் கூட ஒரு ஆள் நின்றால் மனுசன் விடுகிறான்.

தோழர் ஒருவர் என்னிடம் சண்டைக்கே வந்தார். ‘இதெல்லாம் என்.ஜி.ஓ. வேலை. தோல் ஷாப்பு ரசாயனம் கொல்லுது, நீ பீடியப் பேசி மொதலாளியக் காப்பாத்துற’ என்றார். அவர் பயம் நியாயமானது. தோல் தூசி மூக்குப் புற்றுநோயைக் கொண்டுவரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனமே உறுதியான காரணிகளின் பட்டியலில் வைத்திருக்கிறது. தொழிலாளி இருமினால் ‘பீடி குடிச்சான்’ என்று கையைக் கழுவிவிடுவது முதலாளிக்கு எவ்வளவு சுலபம்! நான் கேட்கிறேன்: பீடியை விட்டவன் இருமினால் அப்புறம் எதைச் சொல்வான்? முதலாளி கையிலிருந்து அந்தச் சாக்கைப் பிடுங்குவதும் தொழிற்சங்க வேலைதான்.

இதைவிடக் கஷ்டமான கேள்வி வீட்டுக்குள் இருக்கிறது. வேலூர், குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் எத்தனை வீட்டில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றித்தான் அடுப்பு எரிகிறது! தலித் பெண்களும் முஸ்லிம் பெண்களும் குனிந்த தலை நிமிராமல் ஆயிரம் பீடி சுற்றினால் ஒரு கூலி. அதிலும் ஏஜெண்ட் கழித்துத் தள்ளுகிறான். புகையிலைத் தூள் அந்தப் பெண்களின் நெஞ்சிலும் இறங்குகிறது. 1976-ல் சட்டம் போட்டு இவர்களுக்கென்று ஒரு நல நிதி வைத்தார்கள். அதற்கு வருமானமாக இருந்த பீடி மேல்வரியை 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது எடுத்துவிட்டார்கள். 2025 செப்டம்பரில் சிகரெட்டுக்கு 40 சதவீத வரி என்று முடிவெடுத்த அதே ஜி.எஸ்.டி. கவுன்சில், பீடிக்கு மட்டும் 28-ஐ 18 ஆகக் குறைத்தது. ஏழைக்குச் சாவு மலிவாகக் கிடைக்கட்டும் என்பதா? சுற்றுகிற கைக்கு மாற்று வேலை கேட்பதும், பிடிக்கிற வாயை மீட்பதும் ஒரே கோரிக்கைப் பட்டியலில் இருக்க வேண்டியவை. ஒன்றைச் சொல்லி மற்றதை அடக்குகிறவர்களை நான் நம்பமாட்டேன்.

கறுப்பின மக்கள் இதில் நமக்கு முன்னால் போயிருக்கிறார்கள். ஆர்.ஜே. ரெனால்ட்ஸ் கம்பெனி கறுப்பர்களைக் குறிவைத்தே ‘அப்டவுன்’ என்று ஒரு சிகரெட் தயாரித்து, 1990-ல் பிலடெல்பியாவில் இறக்கப் பார்த்தது. அங்கிருந்த கறுப்பர் தேவாலயங்களும் சுகாதார அமைப்புகளும் ஒன்றுகூடி எதிர்த்தன. ஜனவரியிலேயே, கடைக்கு வருவதற்குள், கம்பெனி அதைக் கைவிட்டது. அவர்கள் பீடி, சிகரெட்டை ஒழுக்கப் பிரச்சினையாகப் பார்த்திருந்தால் தங்கள் பையன்களைத்தான் திட்டியிருப்பார்கள்.

சரி, இங்கே என்ன செய்வது? காசநோய் மாத்திரை சாப்பிடுகிறவர்களிடமிருந்து தொடங்கலாம். தெருவுக்குப் பத்துப் பேர் போதும். அவர்களே ஒரு நாளைக் குறிக்கட்டும். கூலி நாளாக வேண்டாம், கையில் காசிருக்கும். விட்டதும் முதல் மூன்று நாள்தான் பெரும்பாடு: எரிச்சல், தூக்கமின்மை, மனைவியிடம் சண்டை. மூன்று நான்கு வாரத்தில் அடங்கும். ஒவ்வொரு தடவை ஆசை கிளம்பும்போதும் சில நிமிசம் தாண்டிவிட்டால் தணிந்துவிடும். அந்தச் சில நிமிசத்துக்குத்தான் பக்கத்தில் ஆள் வேண்டும். சாயங்காலம் வண்டி இறங்குகிற இடத்திலேயே இரண்டு பேர் நிற்கட்டும், வீடுவரை கூட நடக்கட்டும். மாணவத் தோழர்கள் செய்ய முடியாத வேலையா இது?

2021 ஆகஸ்டில் தொடங்கின ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரையோடு வீட்டு வாசலுக்கு வருகிற பெண் தன்னார்வலரும் நம் தெருப் பெண்தான். ‘மாமா, இன்னிக்கு எத்தன புடிச்ச?’ என்று கேட்கிற உரிமை அந்தப் பெண்ணுக்கு உண்டு, மருத்துவருக்கு இல்லை. அவருக்குப் பயிற்சியும் அதற்குத் தனி ஊதியமும் கேட்போம். 2022-ன் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் நிக்கோட்டின் மருந்தும் சேர்ந்திருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ‘இருக்கா?’ என்று பத்துப் பேராகப் போய்க் கேட்க வேண்டும். பாக்கெட் மேலே அச்சடித்திருக்கும் 1800 11 2356 இலவச எண். தமிழிலும் பேசுவார்கள்.

ஷாப்பில் பீடிக்கென்று விடுகிற பத்து நிமிசத்தை, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஓய்வு நேரமாக எழுத்தில் கேட்க வேண்டும். இதைச் சங்கத்தின் அடுத்த கோரிக்கை மனுவில் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.

அப்புறம், எவராவது சாவு வீட்டில் மேளச் சத்தத்துக்கு நடுவே ஒன்றைப் பற்றவைத்துவிடுவார். இது நடக்கும். கேலி பேசி அவரைத் துரத்த வேண்டாம். மறுநாள் வண்டி இறங்குகிற இடத்தில் வழக்கம்போல நின்று, அவரோடு வீடுவரை நடந்தால் போதும்.