மகளுக்காக எழும் வீடு

சாய்ந்தமருது, கல்முனைக்குடி, மருதமுனை, அக்கரைப்பற்று முதலான அம்பாறைக் கரையோர முஸ்லிம் ஊர்களில் ஒருவர் எந்தக் குடி என்பது தாய்வழியில் வருகிறது. கலியாணம் முடித்த ஆண் மனைவியின் வீட்டுக்குப் போய் வாழ்கிறான். அந்த வீடு அவளுக்குச் சீதனமாக வந்தது. அக்கரைப்பற்றில் நெடுங்காலம் கள ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரேயின் 2008ஆம் ஆண்டு நூல் இந்த வழக்கத்தை விரிவாகச் சொல்கிறது. வெளிநாட்டு உழைப்பையும் குடும்பப் பிரிவையும் பாடும் இக்கரைக் கவிதைகளுக்கு அடித்தளம் இந்த வீடுதான்.

1977இல் இலங்கையின் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பின், சவூதி, குவைத், கட்டார் என்று ஆட்கள் போகத் தொடங்கினர். காசு வந்ததும் வளவில் அத்திவாரம் எழும். அடுத்த லீவுக்குள் சுவர். அதற்கும் அடுத்ததில் ஓடு. கட்டுபவர் வாப்பா, வீடு மகளுக்கு. அவள் கலியாணம் முடிந்தால் பெற்றோர் அதே வளவிலோ பக்கத்திலோ ஒரு சிறிய வீட்டுக்கு ஒதுங்கிக்கொள்வதும் வழக்கம். ஆயுளில் பாதியைப் பாலைவனத்தில் செலவழித்துக் கட்டிய வீட்டில் அவர் விருந்தாளி ஆகிவிடுகிறார்.

புலம்பெயர் கவிதைக்கென்று பழகிப்போன அளவுகோல் இந்த இடத்தில் உதவாது. கனடாவிலிருந்து எழுதும் சேரனுக்கும் நோர்வேக்குப் போன வ.ஐ.ச. ஜெயபாலனுக்கும் போர் பறித்த நிலம் பெரும் துயரம். வளைகுடாவுக்குப் போனவருக்கு ஊர் பறிபோகவில்லை. அங்கே குடியுரிமையும் கிடைக்காது. ஒப்பந்தம் முடிந்தால் திரும்பியே ஆக வேண்டும். ‘அங்கா, இங்கா’ என்ற தவிப்பு அவருக்கு இல்லை. திரும்பி வரும்போது தன் பிள்ளைக்குத் தான் யார் என்பதே அவர் கேள்வி. திறனாய்வாளர்கள் இரண்டையும் ஒரே பெட்டியில் போடுவது இந்தக் கவிதைகளுக்குச் செய்யும் அநியாயம்.

பிரிவைப் பாடும் மொழி இக்கரைக்குப் புதிதல்ல. வயற்காவலுக்கும் அறுவடைக்கும் தூரத்து வட்டைகளுக்குப் போன மச்சானை நினைத்துப் பாடிய நாட்டார் கவிகள் இங்கே ஏராளம். சாய்ந்தமருதுக் கவிஞர் அனார், கிழக்கிலங்கையின் இத்தகைய காதல் பாடல்களை ‘பொடுபொடுத்த மழைத்தூத்தல்’ என்ற பெயரில் தொகுத்திருக்கிறார். வயலுக்குப் போனவன் போகம் முடிந்தால் வருவான். கட்டாருக்குப் போனவன் வர இரண்டு வருடமாவது ஆகும். அந்தப் பழைய கவி மரபால் இந்த நீண்ட காத்திருப்பைச் சுமக்க முடிகிறது என்பதே அதன் வலிமை. கேரளத்து மாப்பிளா மரபிலும் இதற்கு இணை உண்டு. எஸ்.ஏ. ஜமீல் 1970களில் எழுதிய ‘துபாய் கத்துப் பாட்டு’, வளைகுடாவில் இருக்கும் கணவனுக்கு மனைவி எழுதும் கடிதம். கணவனின் மறுமொழியையும் ஜமீலே பாட்டாக எழுதினார். மனைவியின் குரலிலும் எழுதியது ஓர் ஆண் என்பது கவனிக்க வேண்டியது.

அனாரின் ‘எனக்குக் கவிதை முகம்’ (2007) போன்ற தொகுப்புகளின் முக்கியத்துவம் இதனால் கூடுகிறது. அவற்றில் பெண், யாருக்காகவோ காத்திருக்கும் மனைவி என்ற அளவில் நின்றுவிடுவதில்லை. உடலும் கடலும் இரவும் அவளுடைய சொந்த உலகமாகின்றன. வீடு பெண்ணுக்குரியது என்ற ஊர் வழக்கமும் எப்போதும் அவளைக் காப்பாற்றிவிடவில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமி இக்கரையோர வீடுகளை அடித்துச் சென்ற பின், ‘குடும்பத் தலைவர்’ என்ற அரச வரையறையால் கிழக்கில் பல புதிய வீடுகளின் உறுதி கணவன் பெயருக்குப் போனது. தாய்வழியில் வந்த உரிமை ஒரு படிவத்தில் கைமாறியது.

உழைக்கப் போவது உம்மாவாக இருந்தால் குலைவு இன்னும் ஆழமானது. வாப்பா போனால் வீடு உம்மாவைச் சுற்றி நிற்கும். உம்மா போனால் பிள்ளைகள் மூத்தம்மாவின் கையில். கலியாணத்துக்கு முன்பே போகும் இளம் பெண்களும் உண்டு. மூதூரிலிருந்து, வயதைக் கூட்டிக் காட்டிய கடவுச்சீட்டோடு 2005இல் சவூதிக்குப் பணிப்பெண்ணாகப் போன றிஸானா நபீக்குக்கு 2013 ஜனவரி 9இல் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டபோது, தமிழில் இரங்கற் கவிதைகள் எழுந்தன. அவற்றில் அவள் மகள், தங்கை, சிறுமி. சமையலறையில் நின்று உழைத்த தொழிலாளியாக அவளைக் கண்டவை குறைவு. போய்த் திரும்பிய பெண்கள் தாமே எழுதிய கவிதைகள் அதைவிட அரிது.