அறைக்குள் பயிர்: தேவைக்கா, ஆசைக்கா?



எல்.இ.டி. விளக்கு வெளிச்சத்தில் அறைக்குள்ளேயே பயிர் வளர்ப்பதைப் பற்றி அண்மைக் காலமாக நம் குடும்பங்களில் அதிகம் பேசப்படுகிறது. முற்றமில்லாத வீட்டில் வாழும் தாய்மார்கள், நோன்புக் கஞ்சிக்கு வேண்டிய மல்லியையாவது இப்படி வளர்க்கலாமா என்று கேட்கிறார்கள். வளைகுடாவிலிருந்து திரும்பிய இளைஞர்களோ, ஓர் அறையில் குங்குமப்பூ வளர்த்து அதையே தொழிலாக்கலாமா என்று கேட்கிறார்கள். கேள்வி ஒன்றுபோலத் தோன்றினாலும் இரண்டுக்கும் ஒரே விடை சொல்ல இயலாது என்பது நம் கருத்து.

முதலில் இதன் அடிப்படையை அறிந்துகொள்வோம். செடி தன் உணவை ஒளியிலிருந்து ஆக்கிக்கொள்கிறது. அந்த ஒளியிலும் சிவப்பும் நீலமுமே அதற்கு மிகுதியாகப் பயன்படுகின்றன. நீல ஒளி தரும் எல்.இ.டி.யைக் கண்டறிந்தமைக்காக 2014-இல் மூன்று அறிஞர்கள் இயற்பியல் நோபல் பரிசு பெற்றனர். அந்தக் கண்டுபிடிப்பால்தான் குறைந்த மின்சாரத்தில் வெள்ளை ஒளி கிடைத்தது. செடி விளக்குகளும் பெருகின. ஆயினும் சூரியனுக்கு ஈடாக இவ்விளக்குகளை எண்ணிவிடலாகாது. நண்பகல் வெயிலின் வெளிச்சம் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். நம் கண்ணுக்குப் பளிச்சென்று தோன்றும் அறையிலோ 300 முதல் 500 லக்ஸ் வரைதான் இருக்கும். கண் குறைந்த ஒளிக்கும் பழகிவிடுவதால் இந்த வேறுபாடு நமக்குப் புலப்படுவதில்லை. செடிக்குத் தெரிந்துவிடுகிறது; தண்டு வெளிறி, ஒல்லியாக நீண்டு சாய்கிறது.

இந்த முறைக்கு உரிய இடம் எது என்பதற்குத் துபாய் நல்ல சான்று. எமிரேட்ஸ் விமான உணவு நிறுவனம் கூட்டு முயற்சியாக 2022-இல் அங்கே 'புஸ்தானிகா' என்னும் பண்ணையைத் திறந்தது. 3,30,000 சதுர அடிப் பரப்பில், அடுக்கடுக்காக, விளக்கொளியில் கீரை வளர்கிறது. திறந்தவெளி வேளாண்மையைவிட 95 விழுக்காடு குறைவான நீர் போதும் என்று அந்நிறுவனம் அறிவித்தது. மழையும் ஆறும் இல்லாத பாலைநிலத்தில், பசுமையான கீரையை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் ஊரில், இம்முயற்சிக்கு நியாயம் இருக்கிறது. அப்படிப்பட்ட தேவை இல்லாத இடங்களில் இத்தொழில் எளிதாக நிலைப்பதில்லை. அமெரிக்காவின் புகழ்பெற்ற ஏரோஃபார்ம்ஸ் 2023-இல் திவால் பாதுகாப்புக் கோரியது. பௌரி என்னும் மற்றொரு நிறுவனம் 2024-இல் தன் பணியை நிறுத்தியது. பெரும் முதலீடும் தேர்ந்த வல்லுநர்களும் உடைய நிறுவனங்களின் நிலையே இது.

இனி நம் ஊரைப் பார்ப்போம். கள்ளக்குறிச்சிக்கு மேற்கே கல்வராயன் மலையில் மலையாளி பழங்குடி மக்கள் மழையையும் வெயிலையும் நம்பிச் சாமையும் தினையும் மரவள்ளியும் விளைவிக்கிறார்கள். அங்குள்ள காடு கடுக்காயும் தேனும் தருகிறது. அம்மலையில் பிறக்கும் கோமுகி ஆறு அடிவாரத்து வயல்களுக்குப் பாய்கிறது. அல்லாஹ் கட்டணமின்றித் தந்த ஒளி ஆண்டின் பெரும்பகுதி நம் தலைக்கு மேலே நிற்கிறது. அதை மறைத்துச் சுவர் எழுப்பி, அந்தச் சுவருக்குள் காசு கொடுத்து ஒளி ஏற்றுவதற்குத் தக்க காரணம் வேண்டாமா?

காரணம் உள்ளவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். கடைத்தெருவில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் பகலிலும் விளக்கு எரிகிறது. சென்னையில் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் வாழ்வோருக்கு வெயில் எட்டுவதில்லை. வெளியே செல்ல இயலாத முதியவருக்குத் தட்டில் முளைக்கும் வெந்தயக்கீரை பெரும் மகிழ்ச்சி. இவர்களுக்கு விலையுயர்ந்த ஊதாநிற விளக்கு தேவையில்லை. 20 வாட் வெள்ளை எல்.இ.டி. குழல் விளக்கு இரண்டு போதும். கீரைத் தட்டுக்கு ஒரு சாண் உயரத்தில் தொங்கவிட்டு, நாளுக்கு 14 மணி நேரம் எரியவிட்டு, இரவில் அணைத்துவிட வேண்டும். இதற்கு இரண்டு மாதத்தில் ஏறத்தாழ 34 யூனிட் செலவாகும். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்திற்குக் கிடைக்கும் 100 இலவச யூனிட்டில் மூன்றில் ஒரு பங்கு அது. தேவைக்காக என்றால் அது விரயம் ஆகாது. மேலே வெயில் காயும் மொட்டைமாடி சும்மா கிடக்க, கூடத்தின் அழகுக்காக இதைச் செய்தால் அது விரயமே.

நாம் அஞ்சுவது இரண்டாவது கேள்வியைப் பற்றித்தான். அறைக்குள் குங்குமப்பூ வளர்த்து இலட்சங்கள் ஈட்டலாம் என்னும் பேச்சைக் கேட்டு நகையை அடகு வைக்கத் துணிபவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு கிலோ உலர்ந்த குங்குமப்பூவுக்குச் சுமார் 1,50,000 பூக்கள் வேண்டும். ஒரு கிழங்கு இரண்டு பூத் தரும் என்று வைத்துக்கொண்டாலும் 75,000 கிழங்குகள். கிழங்கு 10 கிராம் என்றால் 750 கிலோ வாங்கியாக வேண்டும். பூ வெளிவரும் பருவத்தில் அறையைச் சுமார் 17 டிகிரி குளிரில் வைத்திருக்க வேண்டும். காஷ்மீரத்துப் பாம்போரில் அந்தக் குளிரை வானமே தருகிறது. கள்ளக்குறிச்சியில் குளிரூட்டிதான் தரவேண்டும்.

இன்னொன்றையும் விற்பவர்கள் உரக்கச் சொல்வதில்லை. முதல் ஆண்டு அறையில் மலரும் பூ, கிழங்கு முன்பே சேர்த்து வைத்திருந்த உணவினால் மலர்வது. விளக்குக்கு அதில் பெரும் பங்கில்லை. பூத்த பின் அக்கிழங்கு மண்ணிலும் நல்ல ஒளியிலும் பல மாதங்கள் வளர்ந்து, பருத்த சேய்க் கிழங்குகளை ஈன்றால்தான் அடுத்த ஆண்டு பூ உண்டு. காஷ்மீர உழவர் அதை வயலுக்குக் கொண்டுபோகிறார். நாம் எங்கே கொண்டுபோவோம்? முதல் ஆண்டு வருமானமாகத் தோன்றுவது உண்மையில் நம் முதலே கரைந்து வருவதாக இருக்கக்கூடும்.

'நாங்களே கிழங்கு தருகிறோம், விளைச்சலையும் நாங்களே வாங்கிக்கொள்கிறோம்' என்று எவரேனும் சொன்னால் பெருந்துறை ஈமு கோழித் திட்டங்களை நினைத்துக்கொள்ளுங்கள். மாதந்தோறும் உறுதியான வருமானம் என்ற வாக்கை நம்பிப் பணம் கட்டிய ஏராளமான குடும்பங்கள் 2012-இல் தெருவுக்கு வந்தன. பொருளின் அளவும் தரமும் முடிவும் தெளிவில்லாத வணிகத்தை நம் மார்க்கச் சட்டம் 'கரர்' என்று கூறித் தடுத்திருப்பது இத்தகைய இழப்பிலிருந்து நம்மைக் காப்பதற்காகவே. உறுதியான இலாபம் என்ற சொல் வந்தவுடன் மார்க்கம் அறிந்தவரிடமும் கணக்கு அறிந்தவரிடமும் கேளுங்கள். வணிகமாகவே நடத்துவதாயின் மின்வாரியத்திடம் கேட்டு உரிய பிரிவில் இணைப்புப் பெறுங்கள். வீட்டுக்கென்று தரும் சலுகை மின்சாரமும் ஓர் அமானிதம்தான்.

பயிர் வளர்க்கும் ஆர்வத்தை நாம் ஒருபோதும் குறைகூறவில்லை. ஒருவர் நட்டதிலிருந்து மனிதரோ பறவையோ விலங்கோ உண்டால் அது அவருக்குத் தர்மமாகும் என்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்திருக்கிறார்கள். அந்தப் போதனையில் பறவைக்கும் ஒரு பங்கு வைக்கப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். பூட்டிய அறைக்குள் குருவி வருவதில்லை. ஆகவே விளக்கின் கீழ் கீரை வளர்ப்பவர்கள்கூட, இடம் கிடைத்தால் வாசலிலோ பள்ளிவாசல் வளாகத்திலோ ஒரு முருங்கையையோ வேம்பையோ நட்டுவிடுங்கள். பிள்ளைகளைக் கொண்டே தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள்.

தந்த அருளை வீணாக்காமல் பயன்படுத்தும் அறிவையும், ஹலாலான வழியில் உழைத்து உண்ணும் பேற்றையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.