தூரம் அதே 7,800 கி.மீ... நேரம் மட்டும் ஏன் எகிறுது?

ஃபின்லாந்தின் ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோ எவ்வளவு தூரம்? போனில் தட்டினால் உடனே பதில் வரும்: சுமார் 7,800 கிலோமீட்டர். விமான வேகம் மணிக்கு 900 கி.மீ. என்று வைத்து வகுத்தால் எட்டே முக்கால் மணி நேரம். ஏற, இறங்க அரை மணி சேர்த்தாலும் ஒன்பதே கால்தான். கணக்கு சரி. ஆனா டிக்கெட்டில் இருப்பது கிட்டத்தட்ட 13 மணி நேரம்!

அந்த 7,800 என்பது, உருண்டையான பூமி மேல் இரண்டு ஊருக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடித்தால் கிடைக்கும் அளவு. 'கிரேட் சர்க்கிள்' தூரம் என்பார்கள். தட்டையான மேப்பில் அது வடக்கே வில் மாதிரி வளைந்து, சுத்திப் போவதுபோலத் தெரியும். உண்மையில் அதுதான் குறுக்கு வழி. சிக்கல் என்னன்னா, அந்த நூலின் பெரும்பகுதி ரஷ்யாவுக்கு மேலே கிடக்கிறது.

2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதும் ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்ய விமானங்களுக்குத் தன் வான்வெளியை மூடியது. அடுத்த நாளே ரஷ்யாவும் பதிலுக்குக் கதவைச் சாத்தியது. 'ஆசியாவுக்குக் குறுக்கு வழி' என்று சொல்லியே வளர்ந்த ஃபின்னேருக்கு இது பலத்த அடி. இப்போது அதன் விமானங்கள் ஒன்று தெற்கே மத்திய ஆசியா வழியாகச் சுற்றணும், இல்லை வட துருவத்தைத் தாண்டி அலாஸ்கா பக்கம் போய் இறங்கணும். (துருவத்தைக் கடந்த பயணிகளுக்குச் சான்றிதழ்கூடக் கொடுத்தார்கள்!) வேடிக்கை என்னவென்றால், 1983-ல் இதே நிறுவனம் டிசி-10 விமானத்தில் டோக்கியோவுக்கு இடைநில்லாச் சேவை தொடங்கியபோதும் சோவியத் வான்வெளிக்கு அனுமதி இல்லை. அன்றும் துருவ வழிதான், அன்றும் சுமார் 13 மணி நேரம்தான்.

அதனால், கிலோமீட்டரை வேகத்தால் வகுத்துவிட்டு அதற்கு 'பயண நேரம்' என்று பெயர் வைக்கும் இணையதளங்கள் செய்வது சரியில்லை. அதை நம்பி அடுத்த விமானத்தையோ ரயிலையோ புக் செய்பவரின் காசுதான் போகும். நேர்கோட்டுத் தூரம் என்று மட்டும் போட்டால் போதுமே.

இன்னொரு குழப்பம், கடிகாரம். கோடையில் டோக்கியோ ஹெல்சின்கியை விட 6 மணி நேரம் முன்னால் இருக்கும். மாலை 6-க்குக் கிளம்பினால் மறுநாள் பகல் 1 மணிக்கு இறங்கலாம். பார்த்தால் 19 மணி நேரம் மாதிரி இருக்கும். திரும்பி வரும்போது ஏழே மணி நேரம்தான் ஆன மாதிரி தெரியும். இரண்டும் 13-தான்.

இது எங்கோ ஐரோப்பாவில் நடக்கிற கதை இல்லை. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் இந்திய நிறுவனங்களுக்கு வான்வெளியை மூடியதும், தில்லி–லண்டன் வழியில் ஏர் இந்தியா அரபிக் கடல் பக்கம் சுற்ற வேண்டியதாயிற்று. பிரிட்டிஷ் நிறுவன விமானங்களுக்கு அந்தத் தடை இல்லை. ஊர் அதே, தூரம் அதே. டிக்கெட் போடும்போது கிலோமீட்டரை விட்டுவிட்டு, அந்த விமான எண்ணுக்கு நேரே போட்டிருக்கும் மொத்தப் பயண நேரத்தைப் பார்க்கணும்.