மரியா விட்டுச்சென்ற கடிகாரம்

ஷாஃப்ட்ஸ்பரி பிரபுவிடம் ஒரு தங்கக் கடிகாரம் இருந்தது. முதுமையிலும் அதைத்தான் வைத்திருந்தார். தன் வாழ்நாளில் கிடைத்த மிகச் சிறந்த நட்பின் பரிசு என்று சொல்லி எல்லோருக்கும் காட்டுவார். அந்த நட்புக்கு உரியவர் அவர் வீட்டில் வேலைசெய்த மரியா மில்லிஸ் என்ற பெண்.

1801-ல் லண்டனில் பிறந்து, பின்னாளில் ஷாஃப்ட்ஸ்பரி பிரபுவான ஆன்டனி ஆஷ்லி கூப்பருக்குச் செல்வத்தில் குறையில்லை. பெற்றோரின் அன்புதான் கிடைக்கவில்லை. அந்தப் பிள்ளையை அருகில் உட்காரவைத்து வேதாகமக் கதைகள் சொன்னவரும், ஜெபம் செய்யக் கற்றுக்கொடுத்தவரும் மரியாதான். ஆஷ்லி பள்ளிக்கூடத்தில் இருந்தபோதே அவர் இறந்துபோனார். போகும்போது கடிகாரத்தை அவனுக்கென்று விட்டுச்சென்றார். அவர் ஊட்டிய விசுவாசமும் கடைசிவரை ஆஷ்லியோடு இருந்தது.

ஹாரோ பள்ளியில் படிக்கும்போது தெருவில் ஓர் ஏழையின் சவ ஊர்வலம் வந்தது. குடித்திருந்த ஆட்கள் பெட்டியைக் கீழே போட்டுவிட்டு வசைபாடினார்கள். ஏழை என்பதற்காக ஒரு மனிதனின் உடலுக்கு இந்தக் கதியா என்று கலங்கிய சிறுவன், நாதியற்றவர்களுக்காகவே வாழ்வதென்று அங்கேயே முடிவுசெய்தான். அந்த இடத்தை இன்றும் ஒரு கல்வெட்டு காட்டுகிறது.

1826-ல் நாடாளுமன்ற உறுப்பினரானதும் ஆஷ்லி முதலில் கையில் எடுத்தது யாரும் தொடத் தயங்கிய வேலை: மனநலம் குன்றியோரின் நிலை. லண்டனின் பெத்னல் கிரீன் விடுதியொன்றில் நோயாளிகளைச் சனிக்கிழமை மாலை வைக்கோலில் சங்கிலியால் கட்டிப்போட்டால், அவிழ்ப்பது திங்கட்கிழமை காலையில்தான். பணியாளர்களுக்கு வார ஓய்வு வேண்டுமே! நாடாளுமன்றக் குழு விசாரித்தபோதுதான் இது வெளியே வந்தது. 1828-ல் வந்த சட்டம் ஒரு கண்காணிப்புக் குழுவை அமைத்தது. அதில் உறுப்பினராகச் சேர்ந்து, பிறகு தலைவரான ஆஷ்லி, சாகும்வரை, அதாவது 57 ஆண்டுகள், அந்தப் பொறுப்பைச் சுமந்தார். விடுதிகளுக்கு நேரில் போனார், நோயாளிகளோடு பேசினார்.

1833-ல் அவரிடம் வந்தது, ஒரு நாள் வேலையைப் பத்து மணி நேரத்துக்குள் அடக்கக் கோரிய பத்து மணி நேர மசோதா. நூற்பாலைகளில் பெண்களும் பிள்ளைகளும் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு, பதினான்கு மணி நேரம் நின்றபடியே வேலைசெய்த காலம் அது. அந்த ஆண்டு நிறைவேறிய சட்டம் 9 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களைப் பெரும்பாலான ஆலைகளிலிருந்து விலக்கி, மேற்பார்வைக்கு நான்கு ஆய்வாளர்களை நியமித்தது. பத்து மணி நேரம் மட்டும் கிடைக்கவில்லை.

சுரங்கங்களில் இருட்டும் சேர்ந்துகொண்டது. 1842-ல் வெளியான விசாரணை அறிக்கையில் படங்கள் இருந்தன. இடுப்பில் வாரும் கால்களுக்கிடையே சங்கிலியுமாக, நிலக்கரி வண்டியைத் தவழ்ந்து இழுக்கும் பெண் பிள்ளைகள். காற்றுக்கதவைத் திறந்து மூட ஒரு மூலையில் தன்னந்தனியே உட்கார்ந்திருக்கும் ஐந்தாறு வயதுக் குழந்தைகள். விளக்குகூட இல்லாமல், ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம். ஆஷ்லி அந்த அறிக்கையை வைத்துக்கொண்டு சபையில் இரண்டு மணி நேரம் பேசினார். பெண்களும் 10 வயதுக்கு உட்பட்ட சிறுவர்களும் சுரங்கத்துக்குள் இறங்கக் கூடாது என்று அந்த ஆண்டே சட்டம் வந்தது.

பத்து மணி நேரச் சட்டம் 1847-ல் நிறைவேறிய அன்று ஆஷ்லி சபையில் இல்லை. இறக்குமதித் தானியத்துக்கு வரி விதித்த தானியச் சட்டங்களைக் காப்பேன் என்று சொல்லி டார்செட் வாக்காளர்களிடம் வென்றவர், அவை நீங்கியே தீரும் என்று மனம் மாறியதும் 1846-ல் பதவியைத் துறந்துவிட்டார். கொடுத்த வாக்குக்கு மாறாக அதே நாற்காலியில் உட்கார அவர் மனம் ஒப்பவில்லை. 14 ஆண்டு உழைப்பின் அறுவடையைச் சபையில் நிறைவேற்றிக் கொடுத்தவர் ஜான் ஃபீல்டன். 1850-ல் அரசு பத்தைப் பத்தரையாக்கி, ஆலைகள் திறக்கவும் மூடவும் நேரம் வரையறுத்தபோது ஆஷ்லி ஏற்றுக்கொண்டார். முதலாளிகள் மாற்றுமுறை வேலை என்ற பெயரில் சட்டத்தை ஏய்ப்பதற்கு அதுதான் தடை என்று கருதினார். அவரை நம்பியிருந்த தொழிலாளர்களில் பலர் துரோகி என்றார்கள்.

இந்த மனிதர் எல்லாவற்றிலும் முற்போக்கானவர் என்று எண்ணிவிடக் கூடாது. 1867-ல் நகரத் தொழிலாளர்களுக்கு வாக்குரிமை விரிவானதை எதிர்த்தார். ஞாயிற்றுக்கிழமை தபாலையும் பூங்காக்களில் வாத்திய இசையையும் நிறுத்தப் போராடினார். ஓய்வுநாள் ஆண்டவருக்குரியது, உழைப்பாளியின் உடலுக்கும் உரியது என்பது அவர் கருத்து. அந்த ஒரே நாளில் பூங்காவில் பாட்டுக் கேட்க விரும்பிய உழைப்பாளிக்கு அது எவ்வளவு கசந்திருக்கும் என்பதையும் அவர் எண்ணிப் பார்த்திருக்கலாம்.

கிறிஸ்துவின் இரண்டாம் வருகை அருகில் இருப்பதாக உறுதியாக நம்பியவர் அவர். அந்த நம்பிக்கை உள்ளவர் உலகக் காரியங்களைக் கை கழுவியிருக்கலாம். அவரோ ஆண்டவர் வரும்போது கணக்குக் கேட்பார் என்று வேலையைக் கூட்டிக்கொண்டார். புகைபோக்கிகளுக்குள் சிறுவர்களை ஏற்றிச் சுத்தம் செய்வதை 1840-லும் 1864-லும் சட்டங்கள் தடுத்தன, யாரும் மதிக்கவில்லை. 1875-ல் கேம்பிரிட்ஜ் அருகே ஃபுல்போர்ன் மருத்துவமனையின் புகைபோக்கியில் சிக்கி ஜார்ஜ் ப்ரூஸ்டர் என்ற சிறுவன் இறந்தான். எழுபது வயதைத் தாண்டிய ஷாஃப்ட்ஸ்பரி மறுபடி எழுந்தார். அந்த ஆண்டு நிறைவேறிய சட்டம் புகைபோக்கி வேலைக்குக் காவல்துறையின் உரிமத்தைக் கட்டாயமாக்கியதும் வழக்கம் ஒழிந்தது.

அதே ஆண்டிலும் 1879-லும் பிரபுக்கள் சபையில் அவர் இந்திய ஆலைகளின் பிள்ளைகளுக்காகப் பேசினார். இந்தியத் துணியின் போட்டிக்கு அஞ்சிய லங்காஷயர் முதலாளிகளுக்கும் இந்தியாவில் ஒரு தொழிற்சாலைச் சட்டம் வேண்டியிருந்தது என்பது உண்மை. ஆனால் இங்கிலாந்தின் பிள்ளைகளுக்காக நாற்பது ஆண்டு வாதாடியவரின் குரலை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. 1881-ல் வந்த முதல் இந்தியத் தொழிற்சாலைச் சட்டம், 7 வயதுக்கு உட்பட்டவர்களை வேலையிலிருந்து விலக்கி, 12 வயதுவரை உள்ளவர்களுக்கு 9 மணி நேரம் என்று வரம்பு கட்டியது.

இவ்வளவு துன்பத்தை உலகில் விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை என்று முதுமையில் சொன்னவர், 1885 அக்டோபர் முதல் தேதி தம் 84-வது வயதில் காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் ஆராதனை நடந்த நாளில் ஏழைப் பள்ளிப் பிள்ளைகளும், பூ விற்கும் பெண்களும், செருப்புத் துடைக்கும் சிறுவர்களும் திரண்டு வந்தார்கள். நாட்டின் பெரியவர்கள் துயிலும் அந்த இடம் அவருக்குக் கிடைத்திருக்கும். அதை வேண்டாமென்று முன்பே சொல்லியிருந்தார். டார்செட்டில் உள்ள தம் சொந்தக் கிராமத்துத் தேவாலயத்தில், மனைவி எமிலி உறங்கும் இடத்திலேயே, அவரையும் அடக்கம் செய்தார்கள்.