ஒற்றை முறை என்னும் நம்பிக்கை

அறிவியலுக்கு ஒரே முறைதான் உண்டு. கருதுகோள் அமை, சோதி, பொய்த்தால் கைவிடு. ஆய்வுக்கூடத்தில் திரும்பச் செய்துகாட்ட இயலாத எதுவும் அறிவே அன்று என்று நம் பகுத்தறிவு நண்பர்கள் ஓயாமல் எழுதிவருகின்றனர். துணைக்குக் கார்ல் பாப்பரை அழைத்துக்கொள்கின்றனர். பாப்பரைப் படித்திருக்கிறார்களா என்னும் ஐயம் ஒருபுறம் இருக்கட்டும். அறிவியலின் வரலாற்றையாவது புரட்டிப் பார்த்திருக்கலாம்.

யுரேனஸ் கோள், நியூட்டனின் ஈர்ப்பு விதி காட்டிய பாதையில் செல்லவில்லை. நண்பர்களின் கணக்குப்படி அன்றே நியூட்டனைக் கைவிட்டிருக்க வேண்டும். பிரெஞ்சு வானியலாளர் லெவெரியே கைவிடவில்லை. காணாத கோள் ஒன்று அதனை ஈர்க்கிறது எனக் கொண்டு அதன் இடத்தைக் கணித்தார். 1846 செப்டம்பர் 23 இரவு பெர்லினில் காலே தொலைநோக்கியைத் திருப்பியபோது, கணித்த இடத்திலிருந்து ஒரு பாகைக்குள் நெப்டியூன் இருந்தது.

அதே லெவெரியே புதன் கோளின் பாதையிலும் ஒரு பிசகைக் கண்டு 1859இல் வெளியிட்டார். மருந்தும் அதுவே: சூரியனுக்கு அருகே இன்னொரு கோள். வல்கன் என்று பெயரும் சூட்டியாயிற்று. கண்ணால் கண்டதாகச் சாட்சி சொன்னவர்களும் உண்டு! அப்படியொரு கோளே இல்லை. நூற்றாண்டுக்கு 43 விகலை அளவிலான அப்பிசகை, 1915இல் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியலே விளக்கிற்று. அங்கே நியூட்டனின் விதியே போதாமல் போயிருந்தது.

ஒரே மனிதர், ஒரே உத்தி. விதியை எங்கே காப்பது, எங்கே கைவிடுவது என்று முன்கூட்டியே சொல்லித்தரும் முறை எது? நண்பர்கள் காட்டட்டும். 1975இல் ‘முறைக்கு எதிராக’ நூலை வெளியிட்ட ஃபெயராபெண்ட் போன தொலைவெல்லாம் நாம் போகவேண்டியதில்லை. கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது.

மொழி பயின்ற நமக்கு இன்னொன்றும் தெரியும். இந்தோ-ஐரோப்பிய மூலமொழியில் வழக்கொழிந்த சில ஒலிகள் இருந்திருக்க வேண்டும் என்று 1879இல் சசூர் ஒப்பீட்டால் மட்டுமே உய்த்துணர்ந்தார். 1927இல் குரிலோவிச் அவற்றின் சுவட்டை ஹிட்டைட் மொழியில் காட்டினார். சோதனைக்குழாய் எங்கும் இல்லை. ‘இறுதியில் சான்று கிடைத்ததல்லவா’ எனலாம். சரி, இடைப்பட்ட 48 ஆண்டுகள் அது என்னவாக இருந்தது? மூடநம்பிக்கையாகவா?

இதைச் சாக்கிட்டுச் சோதிடத்துக்கும் அறிவியல் பட்டம் கேட்போர் வருவர். 2001இல் பல்கலைக்கழக மானியக் குழுவே அதனைப் பாடமாக்க முனைந்த நாடல்லவா இது! அவர்களிடம் நாம் கேட்பது இது. வல்கன் இல்லை என்று தெளிந்தபின் வானியல் அதனைத் துறந்தது. உங்கள் கட்டங்களில் இதுவரை நீங்கள் துறந்த கோள் எது?