பொம்மைக்குக் கண் எழுதும் வேலை

ஓய்வு பெற்றவர்களுக்கு எல்லோரும் சொல்லும் யோசனை நடைப்பயிற்சி, கோயில், பேப்பர். நான் இன்னொன்று சொல்வேன். பரணில் கிடக்கும் பழைய கொலுப் பொம்மைகளை இறக்கி, நீங்களே வர்ணம் தீட்டுங்கள். வெளுத்துப் போன பொம்மையை அரசமரத்தடியில் வைத்துவிட்டுக் கடையில் புதிது வாங்கி வருவதில் எனக்குச் சம்மதமில்லை. கடைக்குப் போய்ப் பாருங்கள், மீனாட்சிக்கும் ஆண்டாளுக்கும் ஒரே முகம்.

எங்கள் வீட்டில் இருப்பவை மாமியார் காலத்தில் மதுரை விளாச்சேரியிலிருந்து வந்த மண் பொம்மைகள். (நம் கரிசல் மண் இதற்கு ஆகாது. காய்ந்தால் சுருங்கி வெடித்துவிடும்.) சாண் உயரம் கூட இல்லாத செட்டியார், பாம்பாட்டி, யாளி, ராவணன். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு இவற்றைப் பார்த்ததும் 'சாந்தோன்' பொம்மைகள்தான் நினைவுக்கு வந்தன. பிரெஞ்சுப் புரட்சியில் தேவாலயங்களை மூடியபோது, வீட்டுக்குள்ளேயே கிறிஸ்துமஸ் குடில் வைக்க மர்சேய் பக்கத்து மக்கள் செய்துகொண்ட சின்னஞ்சிறு களிமண் பொம்மைகள் அவை. குழந்தை யேசுவைச் சுற்றி மீன்காரியும் சாணை பிடிப்பவனும் நிற்பார்கள். நம் கொலுவில் செட்டியார் அரிசி பருப்போடு உட்கார்ந்திருப்பது போலத்தான்.

வேலை சுலபமில்லை. எனாமல் பெயின்ட் அடித்தால் பொம்மை பித்தளைக் குடம் மாதிரி மின்னும், முகத்தின் நெளிவு சுளிவெல்லாம் மூழ்கிவிடும். போஸ்டர் கலர் ஈரக்கை பட்டால் கையோடு வரும். அக்ரிலிக்தான் சரி. ஆனால் நம் ஊர் வெயிலில் அது தட்டிலேயே காய்ந்துவிடும். அதனால் ஈரத்துணியின் மேல் வழவழப்பான காகிதம் விரித்து, அதில் வர்ணத்தைக் குழைக்கிறேன். ஒரே பூச்சாகக் கெட்டியாக அடிக்காமல், நீர்க்க இரண்டு தரம் பூச வேண்டும். காகிதக்கூழ் பொம்மையாக இருந்தால் கழுவவே கூடாது, ஊறி நைந்துவிடும். ஆடிக்காற்று வந்தால் எல்லா ஜன்னலையும் சாத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் சரஸ்வதியின் வெள்ளைச் சேலையில் விளாத்திகுளத்துப் புழுதி ஒட்டியிருக்கும்.

கண்தான் கடைசி. சிற்பிகளும் கண் திறப்பதைக் கடைசியில்தானே வைத்திருக்கிறார்கள். மூன்று சைபர் பிரஷ், உருப்பெருக்கிக் கண்ணாடி, மேசையில் அழுத்திய மணிக்கட்டு, அடக்கிய மூச்சு. எந்தக் கண் எழுதச் சிரமமோ அதை முதலில் எழுதிவிட்டு, சுலபமானதை அதற்கு ஒத்தாற்போல் திருத்திக்கொள்ள வேண்டும். இது கோயம்புத்தூரில் இருக்கும் பேரன் சொன்னது. அவன் 'வார்ஹேமர்' என்ற இங்கிலாந்து விளையாட்டின் பூதங்களுக்கும் வேதாளங்களுக்கும் வர்ணம் தீட்டுகிறவன். கட்டைவிரல் உயரம் கூட இருக்காது. "தாத்தா, உங்களுக்குக் கை நடுங்குமா?" என்று கேட்டான். காலையில் நடுங்காது, காப்பி குடித்த பின் நடுங்கும் என்றேன். இப்போதெல்லாம் காப்பி குடிக்காமலும் கொஞ்சம் நடுங்குகிறது.

முகத்தைத் தொடலாமா என்பதில்தான் வீட்டில் வழக்கு. "எங்கம்மா கைபட்ட பொம்மை. சேலையை என்ன வேணாலும் பண்ணுங்க, முகத்தைத் தொடாதீங்க" என்கிறாள் மனைவி. அவள் சொல்வதில் பாதி நியாயம். நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைய வந்து கோவில்பட்டியிலேயே தங்கி, 1976இல் இங்கேயே காலமான கொண்டையா ராஜுவும் அவர் சீடர்களும் வரைந்த காலண்டர் முகங்களைப் பார்த்தே வளர்ந்த கண்கள் நமக்கு. நாம் அம்மன் முகம் எழுதினால் அந்தச் சாயல்தான் வரும். பெரிய கலைஞர், மறுப்பதற்கில்லை. ஆனால் விளாச்சேரியில் யாரோ ஒரு அம்மாள் இழுத்துவிட்ட, ஒரு பக்கம் ஏறிய புருவம் அந்தப் பொம்மையில் மட்டும்தான் இருக்கிறது. அதனால் பழைய கோடு தெரிகிற இடத்தில் அதன் மேலேயே போக வேண்டும், அழிந்த இடத்தில் மட்டும் நம் கை என்பது என் கட்சி. அவளோ அழிந்ததும் அப்படியே இருக்கட்டும் என்கிறாள்.

இந்த வருஷம் அம்மன் முகத்துக்கு அனுமதியில்லை. ராவணனுக்கு மட்டும் கிடைத்திருக்கிறது. பத்துத் தலை, இருபது கண். இதுவரை எட்டு முடிந்திருக்கிறது.